லேட் நைட் லெவி: கட்டுகிற காசுக்கு என்ன கிடைக்கிறது?

நடுச்சாமத்துக்குப் பிறகும் மது விற்க லைசன்ஸ் வைத்திருக்கிற கடைகளுக்குச் சில கவுன்சில்கள் வருடா வருடம் லேட் நைட் லெவி என்று ஒரு பில் அனுப்பும். அந்தப் பில்லையும், அதற்குப் பதிலாக நமக்குக் கிடைக்கிற சேவையையும் பற்றித்தான் எழுதுகிறேன். லண்டனில் ஓஃப் லைசன்ஸ் கடை (மதுவை வாங்கிக்கொண்டு வெளியே போகிற கடை, உள்ளே குடிக்க முடியாது) நடத்துகிற நம்மவர்கள் எத்தனையோ பேர் இதைக் கட்டுகிறார்கள், ஆனால் இது எதற்கு, எங்கே போகிறது என்று கேட்டால் "கவுன்சில் காசு பறிக்கிறான்" என்பதோடு கதை முடிந்துவிடும். மாமாவின் கடையில் இரவு வேலையும் என்னுடையது, லைசன்ஸ் பேப்பர் வேலையும் என்னுடையது, அதனால் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, கவுன்சில் என்ன கணக்குப் போடுகிறது என்று உட்கார்ந்து படித்தேன். ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன்.

முதலில் இரண்டு பில்லையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 லைசன்சிங் சட்டத்தின்படி (2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது) மது லைசன்ஸ் உள்ள எல்லாக் கடைக்கும் வருடாந்தக் கட்டணம் ஒன்று உண்டு. கடையின் ரேட்டபிள் வேல்யூவை (வியாபார வரி போடுவதற்காகக் கடைக்குக் கணக்கிட்ட மதிப்பு) வைத்து A முதல் E வரை ஐந்து பட்டை. 4,301 முதல் 33,000 பவுண் வரை மதிப்புள்ள கடை B பட்டை, வருடத்துக்கு 180 பவுண். நம்முடைய மூலைக் கடைகள் பெரும்பாலும் இதற்குள்தான் வரும். இது லைசன்ஸ் அலுவலகத்தை நடத்துகிற செலவுக்கு. இதில் எனக்குப் பெரிய புகார் இல்லை.

லெவி வேறு. 2011-ல் வந்த பொலிஸ் சீர்திருத்தச் சட்டத்தில் இதற்கு இடம் வைத்தார்கள், 2012 கடைசியில் இருந்து கவுன்சில்கள் விரும்பினால் கொண்டுவரலாம். முதலில் கொண்டுவந்தது நியூகாசில், 2013 நவம்பரில். அப்புறம் லண்டனில் சிட்டி, இஸ்லிங்டன், கேம்டன், ஹக்னி, டவர் ஹம்லெட்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இரவு 12 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் எந்த நேரத்தில் இருந்து லெவி என்பதைக் கவுன்சிலே முடிவு செய்யலாம். B பட்டைக் கடைக்கு லெவி மட்டும் 768 பவுண், வருடக் கட்டணத்தோடு சேர்த்தால் 948. C பட்டை என்றால் லெவி 1,259. மாமா முதல் பில்லைப் பார்த்த அன்று பேசவே இல்லை. பியரில் கிடைக்கிற இலாபம் என்னவென்று கடை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும்.

சரி, இந்தக் காசை என்ன செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது? வசூல் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தில் குறைந்தது 70 வீதம் பொலிசுக்குப் போக வேண்டும். கூடியது 30 வீதம் கவுன்சிலிடம் இருக்கலாம், ஆனால் கவுன்சில் அதை நினைத்தபடி செலவழிக்க முடியாது. இரவு மது விற்பனையோடு தொடர்புள்ள குற்றத்தையும் சண்டையையும் தடுக்கலாம், மக்கள் பாதுகாப்புக்குச் செலவழிக்கலாம், அக்கம்பக்கத் தொந்தரவைக் குறைக்கலாம், தெருவைச் சுத்தம் செய்யலாம். அவ்வளவுதான். நூலகக் கூரை ஒழுகுகிறது என்றோ பார்க்குக்கு ஊஞ்சல் வேண்டும் என்றோ இந்தக் காசில் கை வைக்கக் கூடாது.

இந்த 30 வீதம் பற்றி நல்லது சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் எங்கள் பரோவில் (லண்டனில் ஒரு கவுன்சிலின் கீழ் வருகிற பகுதி) அது கண்ணுக்குத் தெரிகிறது. வெள்ளி, சனி இரவுகளில் கவுன்சிலின் ரோந்து ஆட்கள் இரண்டு இரண்டு பேராக நடந்து வருவார்கள். போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, பன்னிரண்டரை இருக்கும், நன்றாகக் குடித்திருந்த ஒருவர் வந்து அரைப் போத்தல் வொட்கா கேட்டார். வெறியில் இருக்கிறவருக்கு விற்றால் அது என் மேல் குற்றம், தர முடியாது என்றேன். கவுண்டரில் சாய்ந்துகொண்டு போகமாட்டேன் என்று நின்றார், சூயிங்கம் தட்டைத் தட்டி விழுத்தினார், பின்னால் பால் வாங்க வந்த பெண் பயந்து வெளியே போய்விட்டாள். அந்த நேரம் ரோந்து ஆட்கள் கதவைத் திறந்து உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒருவர், குடித்திருந்தவர் மேல் கை வைக்கவே இல்லை. பெயரைக் கேட்டார், வீடு எங்கே என்று கேட்டார், மெதுவாகக் கதைத்தபடி வெளியே கூட்டிப்போய் நைட் பஸ் ஸ்டொப்பில் உட்கார வைத்தார். மற்றவர் என்னிடம் ரிஃபியூசல் புத்தகத்தை (விற்க மறுத்ததை எழுதி வைக்கிற புத்தகம்) கேட்டார், நான் நேரத்தை எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, கீழே தன் நம்பரையும் போட்டுக் கையெழுத்து வைத்தார். அந்தக் கையெழுத்தின் பெறுமதி கடைக்காரருக்குத்தான் புரியும். நாளைக்கு யாராவது இந்தக் கடை வெறிகாரருக்கு விற்கிறது என்று முறைப்பாடு செய்து லைசன்ஸ் ரிவியூவுக்கு (கவுன்சில் லைசன்சை மறுபடி விசாரிப்பது) போனால், நாங்கள் மறுத்ததற்குச் சாட்சி கவுன்சிலின் ஆளே. இந்த ரோந்து வருவதற்கு முன்பு பொலிசின் அவசரமில்லாத நம்பர் 101-க்கு அடித்துவிட்டு, தனியாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்க வேண்டும். இரவு வேலைக்கு வருகிற பெடியன்களும் பிள்ளைகளும் யாரோ பெற்ற பிள்ளைகள், அவர்களுக்கு இது பெரிய தைரியம்.

தெரு கழுவுவதும் அப்படித்தான். ஞாயிறு விடிய முன்னமே தண்ணீர் வண்டி வந்து கடைகளுக்கு முன்னால் நடைபாதையை அடித்துக் கழுவிவிட்டுப் போகும். சந்து முனையில் மூத்திர நாற்றம் இல்லை, உடைந்த போத்தல் கண்ணாடி இல்லை. லெவிக்கு முன்பு மாமா வாளியில் டெட்டோல் கலந்து கொண்டுபோய் ஊற்றிக் கூட்டுவார், தோள் வலியோடு. காலையில் சேர்ச்சுக்குப் போகிற வயதானவர்கள் இப்போது அந்தப் பக்கமாகவே நடந்து போகிறார்கள். இந்தப் பகுதிக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலரை.

அந்த 70 வீதத்தில்தான் விஷயம் கெட்டுப்போகிறது. கவுன்சிலின் பங்குக்கு இவ்வளவு கட்டுப்பாடு வைத்த சட்டம், பொலிசுக்குப் போகிற பெரிய பங்குக்கு எந்தக் கட்டுப்பாடும் வைக்கவில்லை. இரவுப் பொருளாதாரத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்றில்லை, லெவி கட்டிய பகுதியில்தான் செலவழிக்க வேண்டும் என்றுகூட இல்லை. லண்டனில் அது மேயரின் பொலிஸ் அலுவலகத்துக்குப் போகிறது. இஸ்லிங்டன் மாதிரிச் சில பரோக்கள் அவர்களோடு கதைத்து, அந்தக் காசும் தங்கள் தெருக்களிலேயே செலவாகும்படி உடன்பாடு செய்துகொண்டன. அது கேட்டு வாங்கியது, சட்டப்படி வந்த உரிமை இல்லை. ஆகக் கட்டுகிற ஒவ்வொரு பவுணிலும் எழுபது பென்ஸ் எங்கே போய்ச் சேர்கிறது என்பது கவுன்சில் எவ்வளவு கெட்டித்தனமாகப் பேரம் பேசுகிறது என்பதில் தங்கியிருக்கிறது. இதை நான் ஏற்கமாட்டேன். வாங்கும்போது எங்கள் தெரு, எங்கள் இரவு, எங்கள் லைசன்ஸ் என்று காரணம் சொல்லி வாங்குகிறவர்கள் செலவழிக்கும்போதும் அதே காரணத்துக்குக் கட்டுப்பட வேண்டும்.

லெவி வருடம் முடிந்ததும் எவ்வளவு வந்தது, வசூல் செலவு எவ்வளவு கழித்தோம், மிச்சம் எவ்வளவு என்று கவுன்சில் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும், அது சட்டம். எங்கள் பரோவும் போட்டிருந்தது, ஒரே ஒரு பக்கம். ரோந்துக்கு எவ்வளவு, கழுவுவதற்கு எவ்வளவு என்ற பிரிவு இல்லை. கேட்டு ஈமெயில் போட்டேன், சமூகப் பாதுகாப்புக்குச் செலவிடப்பட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. இவ்வளவு நல்ல வேலை செய்கிறவர்கள் அதன் கணக்கைக் காட்டாமல் விடுவது அவர்களுக்கேதான் நட்டம். வேலையைக் கண்ணால் பார்க்கிற நானே சந்தேகப்பட்டால், பதினொன்றரைக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போகிறவர் என்ன நினைப்பார்?

பதினொன்றரைக்குப் பூட்டுகிறவர் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். இதில்தான் நம்மவர்கள் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். கடை எத்தனை மணிக்குப் பூட்டுகிறது என்பது கணக்கில்லை, லைசன்ஸ் பேப்பரில் என்ன நேரம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. இருக்கட்டும் என்று 24 மணிநேரம் எடுத்து வைத்த கடைகள் உண்டு. நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு டின் பியர் விற்காவிட்டாலும் பேப்பரில் இருந்தால் 768 பவுண் கட்டத்தான் வேண்டும். லெவி தொடங்குவதற்கு முன்பு, நேரத்தைக் குறைத்து லைசன்சை மாற்றிக்கொள்ள இலவசமாக ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும், கொடுப்பார்கள். அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் கல்லாவுக்குக் கீழே போட்டால் பிறகு 89 பவுண் கட்டி மைனர் வேரியேஷன் (லைசன்சில் சின்ன மாற்றம் கேட்கிற விண்ணப்பம்) போட வேண்டும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு குறைத்துவிடவும் வேண்டாம். குறைத்த நேரத்தைத் திரும்பக் கேட்பது மைனர் வேரியேஷனில் நடக்காது, முழு விண்ணப்பம் போட வேண்டும், கடைக் கண்ணாடியில் நீலத் தாள் 28 நாள் ஒட்ட வேண்டும், பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டும், பொலிஸோ மேல் மாடியில் இருக்கிறவரோ ஆட்சேபித்தால் விசாரணை. வெள்ளி, சனி நடுச்சாமத்துக்குப் பிறகு வருகிற வியாபாரம் வருடத்தில் 768 பவுணுக்கு மேல் இலாபம் தருகிறதா என்று கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொரு அநியாயம் சலுகைகளில் இருக்கிறது. தியேட்டர், சினிமா, பிங்கோ, இரவு தங்குகிறவர்களுக்கு மட்டும் விற்கிற ஹோட்டல் இவைகளுக்குக் கவுன்சில் விரும்பினால் விலக்குக் கொடுக்கலாம். சிறு வியாபார வரிச்சலுகை வாங்குகிற, 12,000 பவுணுக்கு மேற்படாத மதிப்புள்ள இடங்களுக்கு 30 வீதம் குறைக்கலாம், ஆனால் உள்ளே இருந்து குடிக்கிற இடமாக இருந்தால் மட்டும். அதே அளவு சின்னக் கடை ஓஃப் லைசன்ஸாக இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. பெரிய சுப்பர்மார்க்கெட்டின் மதிப்பு பத்து லட்சம் பவுணைத் தாண்டினாலும் அதற்கு E பட்டை லெவி 1,493 பவுண்தான். E பட்டையில் இருக்கிற பெரிய இரவு விடுதி மட்டும் 4,440 கட்டும். மாமாவின் கடை கட்டுவதைப்போல் இரண்டு மடங்குகூட ஒரு சுப்பர்மார்க்கெட் கட்டுவதில்லை என்பதை எந்தக் கவுன்சிலரிடம் சொன்னாலும் ஒரு நிமிடம் யோசிக்கிறார். இரவு முழுக்கத் திறந்திருந்து மது விற்காத கெபாப் கடைகள் 2011 சட்டத்தில் வரவே இல்லை, அவர்கள் வாசலில் விழுகிற பெட்டிகளையும் நம் காசில்தான் கூட்டினார்கள். 2017-ல் அவர்களையும் சேர்க்கலாம் என்று திருத்தம் எழுதினார்கள்.

நான் மட்டும் சொல்லவில்லை. 2017 ஏப்ரலில் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று லைசன்சிங் சட்டத்தை முழுதாக ஆராய்ந்து அறிக்கை போட்டது. இந்த லெவியைத் திருத்தாவிட்டால் நீக்கிவிட வேண்டும் என்று அதில் எழுதினார்கள். செல்ட்னம் நகரக் கவுன்சில் 2014-ல் லெவியைக் கொண்டுவந்தது, பல கடைகள் நேரத்தைக் குறைத்துக்கொள்ள எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே காசு வந்தது, கடைசியில் கைவிட்டுவிட்டு வியாபாரிகளே சேர்ந்து காசு போட்டு நடத்துகிற மேம்பாட்டு வலயத்துக்கு மாறியது. அந்த முறையில் காசு கட்டுகிறவர்களே வாக்களித்து, அந்த வட்டாரத்துக்குள்ளேயே செலவழிக்கிறார்கள். எனக்கு அது இதைவிட நேர்மையாகப் படுகிறது, ஆனால் சின்னக் கடைக்காரர் கூட்டத்துக்குப் போகாமல் விட்டால் அதிலும் பெரிய பப்காரர்கள் சொல்வதுதான் நடக்கும்.

லெவியை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மது விற்று வாழ்கிறோம், அதனால் தெருவில் வருகிற தொந்தரவுக்கு ஒரு பங்கு கொடுப்பது நியாயம். எங்கள் பரோவில் அந்த 30 வீதம் செய்கிற வேலையைப் பார்த்த பிறகு அதை இழக்கவும் மனமில்லை.

உங்கள் பரோவில் லெவி கொண்டுவர யோசிக்கிறார்கள் என்றால் முதலில் ஆலோசனை நடத்தியே ஆக வேண்டும், நடுச்சாமத்துக்குப் பிறகு, லெவி நேரத்தில் விற்க லைசன்ஸ் வைத்திருக்கிற எல்லாருக்கும் கடிதம் வரும். பதில் எழுதுங்கள், தமிழில் யோசித்துப் பிள்ளைகளைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை. மூன்றைக் கேளுங்கள்: பொலிஸ் பங்கும் பரோவுக்குள்ளேயே செலவாகும் என்று எழுத்தில் உடன்பாடு, ரோந்துக்கும் சுத்தத்துக்கும் தனித்தனியாகப் பிரித்த வருடக் கணக்கு, நல்ல முறையில் நடத்துகிற கடைகளுக்கான 30 வீதக் குறைப்பில் ஓஃப் லைசன்ஸ் கடைகளும் சேரக்கூடிய திட்டம். இந்த மூன்றாவதுக்குச் சட்டத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது, கவுன்சில் மனது வைத்தால் போதும். ஏற்கெனவே கட்டுகிறவர்கள் அடுத்த பில் வருமுன் லைசன்ஸ் பேப்பரை எடுத்து, அதில் என்ன நேரம் இருக்கிறது என்று பாருங்கள்.