வெங்காய விலை வரவேண்டிய இடத்தில் பிராமிஸ் வந்த கதை: பப்பட்டியரோடு சில வருடங்கள்

சிங்கப்பூர் தேக்காவில் மாமாவுக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. சரக்கு போடும் ஐந்து மொத்த வியாபாரிகளும் அன்றைய விலையைத் தங்கள் தளத்தில் ஏற்றுவார்கள். விடியற்காலையில் ஐந்தையும் திறந்து பார்த்து நோட்டில் எழுதுவது மாமாவின் வழக்கம். 2019இல் வியாபாரிகளிடம் சொல்லிவிட்டு அந்த வேலையை ஒரு நிரலுக்கு மாற்றினேன். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழிதான், பப்பட்டியர் துணையோடு. கூகுளின் குரோம் குழு 2017இல் வெளியிட்ட இந்த நூலகம், திரை இல்லாமலே குரோமை ஓட்டித் தளத்தைத் திறக்கும். இன்றுவரை எனக்கு அதன்மேல் பெரிய குறை இல்லை. நான் பட்ட பாடெல்லாம், ஒரு ஃபங்ஷன் (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி) தன் விடையை அழைத்தவருக்குத் திருப்பித் தரும் ரிட்டர்ன் என்ற ஒரே சொல்லால்தான்.

முதல் நாள் அச்சடித்த தாளை மாமா நீட்டினார். "என்னடா இது, வெங்காயம் என்ன விலைன்னே காணோம்?" விலைக் கட்டத்தில் வரிசையாக 'ஆப்ஜெக்ட் பிராமிஸ்' என்று ஆங்கிலத்தில் நின்றது.

காத்திருந்து செய்யும் வேலைக்காக ஏசிங்க் என்று குறித்த ஃபங்ஷன் உள்ளே எதை ரிட்டர்ன் செய்தாலும், அழைத்தவர் கைக்கு வருவது பிராமிஸ்தான். சரக்குக்கு முன்னால் வரும் சீட்டு மாதிரி. நான், விடை வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெயிட்டைப் போடாமல் சீட்டையே தராசில் வைத்திருக்கிறேன். அவெயிட் போட்டேன், விலை வந்தது. அழைக்கும் ஃபங்ஷனும் ஏசிங்க் ஆகவேண்டும், அதை அழைப்பதும் அப்படியே. இந்தச் சங்கிலியில் ஒரு இடத்தில் விட்டாலும் மேலே இருப்பவருக்கு மறுபடி சீட்டுதான்.

அடுத்தது, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலையைச் செய்யும் ஃபார்ஈச். ஐந்து தள முகவரிகளை ஃபார்ஈச்சில் விட்டு, உள்ளே ஏசிங்க் ஃபங்ஷன் எழுதி, முடிந்ததும் பட்டியலை ரிட்டர்ன் செய்தேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஆனால் பட்டியல் காலி. ஃபார்ஈச் உள்ளே இருக்கும் பிராமிஸ் எதற்கும் காத்திருக்காது, உள்ளிருந்து ரிட்டர்ன் செய்வதையும் கண்டுகொள்ளாது. சாதாரண ஃபார்-ஆஃப் சுற்றுக்கு மாறினேன். ஒவ்வொரு தளமாகப் போய், நடுவில் சில விநாடி இடைவெளி விடும். மேப்பையும் பிராமிஸ்.ஆலையும் சேர்த்து எல்லாத் தளத்தையும் ஒரே நேரத்தில் திறந்தால் வேகம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஐந்து தளத்துக்கு அந்த அவசரம் எதற்கு? அடுத்தவர் சர்வரில் நிதானமாகப் போவதுதான் மரியாதை.

பப்பட்டியருக்கே உரிய ஒன்றும் உண்டு. திறந்த பக்கத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் பேஜ்.எவால்யுவேட் உள்ளே எழுதுவது உலாவிக்குள் ஓடுகிறது, நம் நிரல் வெளியே இருக்கிறது. அதனால் ஒரு எச்டிஎம்எல் எலிமென்ட்டை (பக்கத்தின் ஒரு துண்டை) அப்படியே ரிட்டர்ன் செய்தால் இந்தப் பக்கம் உருப்படியாக எதுவும் வந்து சேராது. அங்கேயே எழுத்தாகவோ எண்ணாகவோ எடுத்துத்தான் அனுப்பவேண்டும். வெளியே இருக்கும் மாறியும் (மதிப்பை வைத்திருக்கும் பெயரும்) உள்ளே தெரியாது, அழைக்கும்போதே ஆர்க்யுமென்ட்டாகக் கூடக் கொடுத்தனுப்பவேண்டும்.

இவையெல்லாம் ஒருநாள் வேலை. என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது வேறு. வேலையை முயன்றுபார்க்கும் டிரை பகுதியில் 'ரிட்டர்ன் விலைஎடு(பேஜ்)', எப்படி முடிந்தாலும் கடைசியில் ஓடும் ஃபைனலி பகுதியில் உலாவியை மூடும் வரி. படித்தால் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! ஓட்டினால், இலக்கு மூடிவிட்டது என்ற பொருளில் 'டார்கெட் குளோஸ்டு' என்று பிழை விழும். இணைப்பைச் சந்தேகப்பட்டேன், காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன், பப்பட்டியரை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். ஈசூனிலிருந்து வேலைக்குப் போகும் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே, கைப்பேசியில் அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். கடைசியில் ஒருநாள் அங் மோ கியோ தாண்டும்போதுதான் பிடிபட்டது. ரிட்டர்னுக்குப் பின்னால் அவெயிட் இல்லை. விலைஎடு வேலையைத் தொடங்கி ஒரு பிராமிஸைக் கொடுக்கிறது. அது முடியும்வரை யாரும் நிற்பதில்லை. உடனே ஃபைனலி ஓடி, பாதி வேலையில் இருக்கும் உலாவியை மூடிவிடுகிறது. 'ரிட்டர்ன் அவெயிட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன், தீர்ந்தது. பிழையைப் பிடிக்கும் கேட்ச் பகுதிக்கும் இதே கதைதான்: அவெயிட் இல்லையென்றால் பிழை கேட்ச்சுக்கு வராமல் அழைத்தவர் தலையில் போய் விழும். டிரைக்குள் பிராமிஸைத் திருப்பித் தரும்போது அவெயிட் வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டித் தரும் நோட்.ஜேஎஸ் என்பதன் 2020இல் வந்த 15ஆம் பதிப்புக்கு அப்புறம் யாரும் பிடிக்காத பிராமிஸ் பிழை நிரலையே நிறுத்திவிடும், அதற்கு முன் வெறும் எச்சரிக்கைதான். மாறிய காலையில் எரிச்சலாக இருந்தது, இப்போது அதுதான் சரி என்று நினைக்கிறேன். தவறான விலையோடு தாள் அச்சாவதைவிட, அச்சாகாமல் போவது நல்லது. புதிதாகத் தொடங்குபவர்கள் டைப்ஸ்கிரிப்ட்டில் (மதிப்பின் வகையையும் சரிபார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட்) எழுதி, அநாதையாக விட்ட பிராமிஸைக் காட்டிக்கொடுக்கும் லின்ட் (நிரலை ஓட்டுமுன்னே சோதிக்கும் கருவி) விதியையும் போட்டுக்கொள்ளுங்கள். நான் தாமதமாகத்தான் போட்டேன். போட்ட அன்றே என் நிரலில் மூன்று இடம் சிக்கியது.

போன மாதம் ஒரு வியாபாரி தன் தளத்தின் அமைப்பை மாற்றிவிட்டார். மற்ற நான்கு விலையும் வந்தன, அவர் வரிசையில் மட்டும் 'விலை கிடைக்கவில்லை' என்று இருந்தது. மாமா தாளைப் பார்த்துவிட்டு, "கொத்தமல்லிக்கு நானே போன் போட்டுக் கேட்டுக்கிறேன், நீ சாயங்காலம் வந்து பாரு" என்றார்.