நைட்ரைலா, வைட்டானா? பழைய டீசல் ஜீப்பின் ஆயில் சீல்

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் பழைய டீசல் ஜீப் வைத்திருப்பவர்கள் ஆயில் ஒழுகத் தொடங்கியதும் கேட்பது இதைத்தான்: ஆயில் சீலை, அதாவது சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் வளையத்தை, நைட்ரைலில் வாங்குவதா, வைட்டானில் வாங்குவதா? இரண்டும் செயற்கை ரப்பர். ரப்பர் விளையும் மாவட்டம்தான். ஆனால் இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிவிடும், இந்த வேலைக்கு உதவாது.

விலை: நைட்ரைல் மலிவு. வைட்டான் அதைப்போலப் பல மடங்கு.

வெப்பம்: நைட்ரைல் சுமார் 100 டிகிரி வரை நிம்மதியாக இருக்கும், அதற்கு மேல் நாள்பட இறுகி, அதன் உதடு (தண்டைத் தொடும் விளிம்பு) வெடிக்கும். வைட்டான் 200 டிகிரி வரை தாங்கும்.

குளிர்: கடுங்குளிரில் வைட்டான் விறைக்கும். பேச்சிப்பாறை மலையேறினாலும் அந்தக் குளிர் இங்கே கிடையாது.

கூலி: இரண்டுக்கும் ஒன்றே. கிராங்கின் (எஞ்சினின் முதன்மைச் சுழல் தண்டின்) பின் சீலை மாற்ற கியர்பாக்ஸையும் கிளட்ச்சையும் ஃப்ளைவீலையும் கழற்றியாக வேண்டும். அவ்வளவையும் இறக்கிவிட்டு சீலில் காசு மிச்சம் பிடிப்பது கஞ்சத்தனம். அங்கே வைட்டானையே போடுவேன். முன்பக்கம் அப்படியல்ல, புல்லியைக் கழற்றினால் எட்டிவிடும். குறைவாக ஓடும் வண்டிக்கு அங்கே நைட்ரைல் போதும்.

எதை வாங்கினாலும், முதலில் எஞ்சின் உள்ளே சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் புது சீலும் ஒழுகும். தண்டில் சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டினால், அதை மூடும் மெல்லிய உலோக உறையான ஸ்லீவ் போடாமல் வைட்டானும் வீண்தான்.