புண் ஆறும்வரை கூட இருப்பவர்கள்

கும்பகோணத்துக்குக் கிழக்கே அரசலாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து இந்தத் தை மாதம் போயிருந்தேன். மூன்று வார விடுப்பில் பெரும்பகுதி, பெரியப்பாவின் வலது பாதத்தில் ஆறாமல் இருந்த சர்க்கரைப் புண்ணோடு கழிந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அழுகிய சதையை நீக்கி, மருந்தும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தச் சிகிச்சையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அதன்பின் பல வாரங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டியிருந்த முதியவருக்குத் துணையாக நின்றவை, கன்னியர் நடத்தும் சிறு மருந்தகமும் பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல் ஜமாஅத்தும்தான்.

எங்கள் பக்கத்தில் அந்த மருந்தகத்துக்கு ‘சிஸ்டர் ஆஸ்பத்திரி’ என்றே பெயர். முதல் நாள் அங்கிருந்த மூத்த சிஸ்டர் புண்ணைப் பார்க்கும் முன் பெரியப்பாவின் செருப்பைக் கையில் வாங்கி, அடிப்பகுதியை விரலால் தடவிப் பார்த்தார். குதிகால் பக்கம் ஒரு சிறிய ஆணி முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாள் அதன்மேல் நடந்தாரோ, அவருக்குத் தெரியவில்லை. இளமையில் தொழுநோயாளிகளிடையே வேலை பார்த்ததால் வந்த பழக்கம் இது என்று சிஸ்டர் சொன்னார். தொழுநோயிலும் சர்க்கரை நோயிலும் நரம்பு கெட்டுக் கால் மரத்துப்போகிறது. வலி தெரியாததால்தான் சிறு காயம் பெரும்புண்ணாகிறது. கும்பகோணத்தை ஒட்டிய சாக்கோட்டையில் கத்தோலிக்கத் திருச்சபையின் தொழுநோய் மருத்துவமனை நெடுங்காலமாக இயங்கிவருவதை அறிவேன். ஆனால் அத்தகைய இடங்களில் சேர்ந்த கைப்பழக்கம் இன்று சர்க்கரை நோயாளியின் காலைக் காக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். தொழுநோயாளிகளுக்காகச் செய்யப்பட்டுவந்த, மெத்தென்ற நுண்துளை ரப்பர் அடியுள்ள எம்.சி.ஆர். செருப்பையே அவருக்கும் வாங்கச் சொன்னார். “அவங்களுக்குக் காலைத் தண்ணியில ஊற வைக்கச் சொல்லுவோம், ஐயா, நீங்க ஊற வைக்கக் கூடாது” என்று வேறுபாட்டையும் மறக்காமல் சொன்னார்.

மருந்தகத்துக்குப் போய்வர, ஜமாஅத்தின் பைத்துல்மால் என்ற பொது உதவி நிதியில் வாங்கிய சக்கர நாற்காலியை எங்களுக்குக் கொடுத்தார்கள். எந்தச் சமயத்தவர் என்று கேட்காமல், பெயரையும் தேதியையும் மட்டும் குறித்துக்கொண்டார்கள். பெரியப்பா தஞ்சையில் படுத்திருந்த நாட்களில், வள்ளலார் வழி நிற்கும் அன்பர்கள் மருத்துவமனை வாசலில் கொடுத்த கஞ்சிதான் பெரியம்மாவுக்குக் காலை உணவாக இருந்திருக்கிறது.

இத்தகைய பணிவிடைக்குச் சோழர் காலத்திலேயே கணக்கு இருந்தது. குந்தவையார் தஞ்சையில் தம் தந்தை பெயரால் ஆதுலர் சாலை என்ற மருத்துவமனை அமைத்தார். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கோயில் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவசாலையில் மருத்துவருக்கு மட்டுமல்லாமல், மூலிகை கொண்டுவருபவருக்கும் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்களுக்கும் எவ்வளவு நெல் என்று வரையறுக்கிறது. இன்று அந்த மருந்தகத்தில் கட்டு மாற்றுபவர் இருவர்தான். இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல். இளையவர்கள் வருவதில்லை என்று சிஸ்டர் சொன்னபோது எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

பணம் அனுப்ப நினைக்கும் வெளிநாட்டு உறவினர்களுக்காக ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவதை வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் வெளிநாட்டு நன்கொடையாகக் கொள்வதில்லை. குடியுரிமை மாறிய என்னைப் போன்றவர் தருவது அச்சட்டத்துக்குள் வருகிறது. உரிய பதிவோ அனுமதியோ இல்லாத சிறு மருந்தகம் அதை வாங்க முடியாது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பதிவு பெற்ற பெரிய அமைப்பு ஒன்று வாங்கி அதற்குப் பிரித்துத் தரவும் வழியில்லை.

குறை ஒன்றும் கண்டேன். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை வருகிறது. மருத்துவமனையிலோ அளவை மாற்றியிருந்தார்கள். சீட்டுகள் வெவ்வேறு பைகளில் கிடந்ததால், பெரியப்பா பழைய மாத்திரையையும் புதியதையும் சேர்த்தே விழுங்கிவந்திருக்கிறார். நல்ல மனத்தோடு உதவிய இத்தனை பேரும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்த்ததில்லை.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன் ஒரு நோட்டு வாங்கி, எல்லாச் சீட்டுகளையும் அதில் ஒட்டி, சக்கர நாற்காலியின் பின்பையில் வைத்தேன். மாத்திரை கொண்டுவரும் பெண் அளவைத் திருத்தி எழுதிக் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே சிஸ்டர், புண்ணின் அகலம் இரண்டு சென்டிமீட்டர் என்று தேதியோடு எழுதினார்.