கடலோர போர் தண்ணீருக்கு ஓசோனா, குளோரினா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், தண்ணீரைச் சுத்தம் செய்து கிருமியைக் கொல்ல ஓசோன் வைப்பதா, குளோரின் போடுவதா என்று போன வருஷம் பஞ்சாயத்து நடந்தது. போர்வெல் தண்ணீர் லேசாகப் பழுப்படித்திருந்தது. மழைக்காலத்தில் வாடை வேறு. கருவி விற்க வந்தவர், "ஓசோன் வேலை முடிஞ்சதும் ஆக்சிஜனா மாறிடும் சார், மிச்சமே இருக்காது" என்றார். பாதிப் பேர் மயங்கிவிட்டார்கள். நான் குளோரின் பக்கம் நின்றேன்; கடைசியில் அதுவே வந்தது.

ஓசோன் நிறத்தையும் வாடையையும் நன்றாக எடுக்கும். விலை கூடுதல், கரண்ட் வேண்டும். இதெல்லாம் தெரிந்த கதை.

என் பயம் கடலைப் பற்றியது. எங்கள் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 450 மில்லிகிராம். அந்த உப்பு கடலிலிருந்து ஊறியது என்றால் கடல் உப்பில் கலந்திருக்கும் புரோமைடும் கூடவே வந்திருக்கும். கடல்நீரில் அது குளோரைடில் சுமார் 300-ல் ஒரு பங்கு. எங்கள் கணக்குக்கு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம். ஓசோன் பட்டால் அதில் ஒரு பகுதி, புற்றுநோய் வரவைக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் புரோமேட் ஆகும். பிரெட்டில் சேர்க்கக் கூடாது என்று 2016-ல் நம் நாட்டில் நிறுத்தினார்களே பொட்டாசியம் புரோமேட், அதிலிருக்கும் அதே சரக்கு. உலக சுகாதார நிறுவனம் புரோமேட்டுக்குச் சொல்லும் உச்ச அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். எங்கள் புரோமைடில் நூற்றில் ஒரு பங்கு மாறினாலே எல்லை தாண்டிவிடும்.

குளோரினும் யோக்கியமில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் இலைதழை மக்கோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம், புரோமைடும் இருந்தால் புரோமோஃபார்ம் என்று கெடுதலான கழிவுகள் உண்டாகும். இந்தியத் தரத்தில் லிட்டருக்கு முன்னதற்கு 0.2, பின்னதற்கு 0.1 மில்லிகிராம் வரம்பு. ஆனால் இவை ஆவியாகும். ஜன்னலைத் திறந்துவைத்து, மூடி போடாமல் கொதிக்கவிட்டால் பெரும்பாலும் பறந்துவிடும். புரோமேட் அசையாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆர்ஓ உள்ள வீடு சமாளித்துக்கொள்ளும். எங்களில் பாதி வீடுகளில் அது கிடையாது. என்னைச் சாய்த்தது இதுதான்.

முன்பு வாட்ச்மேன் அண்ணன் ப்ளீச்சிங் பவுடரைக் கைநிறைய அள்ளி சம்பில் போடுவார். அதை நிறுத்தினோம். இப்போது முதலில் கார்பன் ஃபில்டர் (மக்கை உறிஞ்சும் கரி வடிகட்டி), அப்புறம்தான் குளோரின். மக்கு முன்கூட்டியே குறைவதால் குளோரினும் குறைவாகப் போதும், கழிவும் குறைவு. அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஓசோன் தண்ணீரில் தங்காது என்பதால், அதை வைத்திருந்தாலும் மேல்தொட்டியில் கிருமி வராமலிருக்கக் கொஞ்சம் குளோரின் போட்டுத்தான் ஆகவேண்டும்.

தொல்லை கார்பன்தான். வேலை செய்வதை நிறுத்திவிட்டால் வெளியே தெரியாது. பழுப்பு திரும்பினால்தான் உறைக்கும். ஒரு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறேன், அதனால் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஓசோனை நான் ஓட்டிப் பார்த்ததும் இல்லை. வில்லியனூர்ப் பக்கம் உப்பு ஏறாத தண்ணீர் என்றால் ஒருவேளை அதற்கே கை தூக்கியிருப்பேன்.