மூக்கு மாஸ்க்கா, முழுமுக மாஸ்க்கா? சிபாப் போட்டுத் தூங்கப் பழகுபவர்களுக்கு

தூக்கத்தில் மூச்சு அடைபட்டு நிற்பவர்களுக்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி அதைத் தடுப்பது சிபாப். டாக்டர் அதை எழுதிக் கொடுத்துவிட்டால் வீட்டில் பேச்சு முழுக்க மெஷினைப் பற்றித்தான். எந்தக் கம்பெனி, ஆட்டோவா ஃபிக்ஸடா, என்ன விலை, வாடகைக்குக் கிடைக்குமா. மாஸ்க்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கடையில் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வந்துவிடுகிறோம். நடு ராத்திரியில் கழற்றி எறிய வைப்பதோ பெரும்பாலும் அந்த மாஸ்க்தான். எனவே இங்கே மாஸ்க்கைத்தான் முக்கியமாக ஒப்பிடப் போகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூக்கால் மூச்சுவிட முடிகிற எவரும் மூக்கு மாஸ்க்கில்தான் தொடங்க வேண்டும்.

சந்தையில் மூன்று வகை உண்டு. மூக்கை மட்டும் மூடும் மாஸ்க் ஒன்று. ரெஸ்மெட்டின் என்20 இந்த வகை. நாசித் துவாரங்களில் இரண்டு சிறு சிலிக்கான் குமிழ்களாகப் பொருந்தும் பில்லோ இன்னொன்று. அதே கம்பெனியின் பி10 அப்படிப்பட்டது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழுமுக மாஸ்க் மூன்றாவது. எஃப்20 அந்த ரகம்.

"நான் வாயைத் திறந்துதான் தூங்குவேன்" என்று சொன்ன உடனே பலருக்கும் கையில் கிடைப்பது முழுமுக மாஸ்க். கேட்க நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இந்தச் சிகிச்சை பிறந்ததே மூக்கு வழியாகத்தான். சிட்னியில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981-ல் வெளியிட்ட முதல் கட்டுரையில் காற்றை நாசி வழியே செலுத்தித்தான் தூக்கத்தில் மூச்சு நிற்பதைத் தடுத்துக் காட்டினார்கள். மூக்கு வழியே அழுத்தத்தோடு வரும் காற்று உள்நாக்குப் பகுதியை முன்பக்கம் தள்ளி, பின்னால் வழியைத் திறந்து வைக்கிறது. வாய் வழியாகவும் அதே அழுத்தம் நுழைந்தால் இரண்டு பக்கமும் சமமாகி அந்தத் தள்ளல் குறைந்துபோகிறது. போதாக்குறைக்கு முழுமுக மாஸ்க்கின் வாரை இறுக்கும்போது தாடை பின்னால் போகும், நாக்கும் கூடவே சரியும். முழுமுக மாஸ்க்கில் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதும், லீக் அதிகமாக இருப்பதும், மிச்சமிருக்கும் மூச்சுத் தடைகள் அதிகமாக இருப்பதும் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் வாய் திறப்பதற்கு என்ன வழி? வாய் ஏன் திறக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. மூச்சு அடைபடும்போது உடம்பு காற்றுக்குத் தவித்து வாயைத் திறக்கிறது. சிபாப் போட்டு அடைப்பு நின்றதும் பலருக்கு வாய் தானாகவே மூடிக்கொள்கிறது. சிலருக்கு அலர்ஜி மூக்கடைப்பு; உப்புநீர்க் கழுவலோ, காது மூக்கு தொண்டை டாக்டர் தரும் ஸ்ப்ரேயோ அதைச் சரிசெய்துவிடும். இவற்றைப் பார்த்து முடித்த பிறகும் காலையில் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், மெஷினில் லீக் அளவைப் பாருங்கள். ரெஸ்மெட் மெஷின்கள் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிக லீக் என்று காட்டும். மாஸ்க் சரியாகப் பொருந்தியிருந்தும் தினமும் அந்த எல்லையைத் தாண்டுகிறதென்றால், முழுமுக மாஸ்க்கைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்கும், நடுத்தண்டு மோசமாக வளைந்தவர்களுக்கும் அதுவே கைகொடுக்கும். அவர்கள் அதைத் தயங்காமல் போடலாம்.

முழுமுக மாஸ்க் வாங்குபவர்கள் தாடியையும் கணக்கில் எடுக்க வேண்டும். கன்னத்திலும் தாடையிலும் சிலிக்கான் உட்காரும் இடத்தில் முடி இருந்தால் காற்று பிய்த்துக்கொண்டு கண்ணில் அடிக்கும். ராத்திரி முகத்தில் தேங்காய் எண்ணெயோ க்ரீமோ தடவிப் படுக்கும் பழக்கம் இருந்தாலும் இதே கதிதான்: குஷன் வழுக்கும், நாம் வாரை இறுக்குவோம், காலையில் மூக்குத் தண்டில் சிவந்த தழும்பு.

மூக்கு மாஸ்க்குக்கும் பில்லோவுக்கும் நடுவே தேர்ந்தெடுப்பது முகத்தைப் பொறுத்தது. மீசைக்காரர்களுக்குப் பில்லோ சௌகரியம். மூக்குத் தண்டில் எதுவும் அழுத்தாது, கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம், மூடிய உணர்வே பயமுறுத்துகிறது என்பவர்களுக்கும் இதுதான் ஏற்றது. ஆனால் அழுத்தம் 12, 13 சென்டிமீட்டருக்கு மேல் போனால் (சிபாப் அழுத்தத்தை நீர்மட்ட சென்டிமீட்டரில்தான் அளப்பார்கள்) காற்று நேராக நாசிக்குள் பாய்வது எரிச்சலாக இருக்கும், ஓரம் புண்ணாகும். மூக்குத்தி போட்ட பெண்களுக்கு உள்பக்கத் திருகாணிதான் பிரச்சினை. எங்கள் அத்தைக்குப் பில்லோவின் விளிம்பு அதில் உரசி உரசிக் காயமே வந்துவிட்டது. மூக்கு முழுவதையும் உள்ளே விட்டு, சுற்றிலும் கன்னத்தில் உட்காரும் மாஸ்க்கை ஒரு சைஸ் பெரிதாக மாற்றியதும் மூக்குத்தியைக் கழற்றாமலே தூங்குகிறார்.

விலைப்பட்டியலில் இல்லாத ஒன்றையும் கவனியுங்கள். சில மாஸ்க்குகளில் வாரை மாட்டும் கிளிப்பில் காந்தம் இருக்கிறது. பேஸ்மேக்கர் போன்ற கருவி உடம்பில் வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, பக்கத்தில் படுப்பவருக்கு அது இருந்தாலும் காந்தமில்லாத வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். காந்தத்துக்கும் கருவிக்கும் 15 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது தயாரிப்பாளர்களே சொல்லும் எச்சரிக்கை.

மெஷின் விஷயம் சுருக்கமாக. ஃபிக்ஸட் ஒரே அழுத்தத்தில் ஊதும். ஆட்டோ ராத்திரி முழுக்கத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும், பொதுவாக 4 முதல் 20 வரை. ஆட்டோவை 4-லேயே விட்டுவைத்தால் பலருக்குக் காற்று போதாமல் மூச்சு முட்டும். ஆரம்ப அழுத்தத்தை டாக்டரிடம் சொல்லிக் கொஞ்சம் உயர்த்தினாலே நிம்மதி. அதிக அழுத்தம் சிலருக்கு வயிற்றில் காற்றை நிரப்பி ஏப்பமாக வரும், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தண்ணீரைச் சூடாக்கிக் காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் வேண்டுமா என்றால், ஏசி அறையில் வேண்டும். ஆனால் ஏசி குளிரில் குழாய்க்குள் ஈரம் படிந்து, விடியற்காலையில் களக் களக் என்று சத்தம் போட்டு மூக்கில் தண்ணீர் தெறிக்கும். ஈரப்பத எண்ணைக் குறைத்து, குழாயைப் பழைய பருத்தித் துணியால் சுற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். தொட்டியில் டிஸ்டில்டு வாட்டரையே ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாகப் படியும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும் ராத்திரிகளில் ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டால் பேட்டரி வெகுநேரம் தாங்கும், அதிகம் மின்சாரம் இழுப்பது அந்தச் சூடுதான்.

மாஸ்க் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு: அது சௌகரியமாக இருந்தால்தான் ராத்திரி அதிக நேரம் போடுவோம். இதய நோயோ பக்கவாதப் பாதிப்போ உள்ள சுமார் 2,700 பேரை வைத்து நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், சிபாப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாகத் தெரியவில்லை. பகல் தூக்கமும் மனநிலையும் மேம்பட்டன. அவர்கள் சராசரியாகப் போட்டதோ ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான்.

எனவே பணம் கட்டும் முன்பே, பொருந்தாவிட்டால் மாஸ்க்கை மாற்றித் தருவார்களா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். கடையில் உட்கார்ந்தபடி மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். படுத்து, மெஷினை ஓடவிட்டு, உங்களுக்கு எழுதிக் கொடுத்த அழுத்தத்தில், இரண்டு பக்கமும் புரண்டு பாருங்கள். படுத்தால் கன்னம் சரிந்து குஷன் உட்காரும் விதமே மாறும். வீட்டுக்கு வந்ததும் முதல் சில நாட்கள் டிவி பார்க்கும்போது மாட்டிக்கொண்டு உட்காருங்கள். விழித்திருக்கையில் பழகிய மாஸ்க்கைத் தூக்கத்தில் கை பிடுங்குவது குறையும்.