மலேசிய உணவுக் கூம்பகம்: வாழையிலையில் வைத்துப் பார்த்தால்

மலேசியச் சுகாதார அமைச்சின் 2020 உணவுக் கூம்பகம், எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று காட்டும் படம். அதற்கு நான்கு அடுக்கு. அடியில் காய்கறியும் பழமும். அதற்கு மேல் சோறு, ரொட்டி, மீ, கிழங்கு. மூன்றாவதில் மீன், கோழி, முட்டை, பருப்பு, பால். உச்சியில் எண்ணெய், சீனி, உப்பு. 2010இல் வந்த படத்தில் அடித்தளமே சோறுதான். நாளைக்கு 4 முதல் 8 பரிமாறல் (உணவை அளக்கும் அலகு) வரை போகலாம் என்றது. புதியது அதை 3 முதல் 5 ஆகக் குறைத்து இரண்டாம் அடுக்குக்கு ஏற்றிவிட்டது. காய்கறி குறைந்தது 3 பரிமாறல், பழம் 2. இந்த ஓர் இடமாற்றத்துக்காகவே பழைய படத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை அடுக்களைச் சுவரில் மாட்டலாம். 2019ஆம் ஆண்டு தேசிய நலவாழ்வு ஆய்வில், பெரியவர்களில் 94.9 விழுக்காட்டினர் காய்கறியும் பழமும் போதிய அளவு சாப்பிடவில்லை; 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அடித்தளத்தை மாற்றியதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

கூம்பக வடிவம் 1974இல் சுவீடனில் பிறந்தது. 1992இல் அமெரிக்கா எடுத்துக்கொண்டு தானியத்துக்கு 6 முதல் 11 பரிமாறல் கொடுத்தது; 2011இல் கூம்பகத்தை விட்டுத் தட்டுக்கு மாறிவிட்டது. மலேசியா இரண்டையும் வைத்திருக்கிறது. கூம்பகம் ஒரு நாள் கணக்கு. 'சூக்கு சூக்கு செப்பாரோ' தட்டு ஒரு வேளைக் கணக்கு: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். காலையில் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டவர் மதியத் தட்டை மட்டும் ஒழுங்காகப் பிரித்தால், தட்டு சரி, நாள் தப்பு. ஒரு ரொட்டி சானாயே ஏறக்குறைய 300 கலோரி, அதுவும் குழம்பு தொடாமல்.

தட்டைவிட நமக்கு நெருக்கமானது இலை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மதியம் இலை போட்டு உட்கார்ந்தால், கோடு ஏற்கெனவே கிழித்திருக்கிறது: நடு நரம்பு. மேல் பாதி கறிவகைகளுக்கு, கீழ்ப் பாதி சோற்றுக்கு. நம் முன்னோர் பரிமாறிய முறையிலேயே அரைக்கு அரை இருக்கிறது. கெடுவது அளவில்தான். மேல் பாதியில் மூன்று வகைக் காய், ஒவ்வொன்றும் இரண்டு மேசைக்கரண்டி. மொத்தம் ஆறு. சமைத்த காயில் ஒரு பரிமாறல் என்பது அரைக் கப், அதாவது எட்டு மேசைக்கரண்டி. இலையில் மூன்று வண்ணம் தெரிந்தாலும் முழுசாக ஒரு பரிமாறல் தேறவில்லை. அந்த மூன்றில் ஒன்று உருளைக்கிழங்கு மசாலாவாக இருந்தால் அது சோற்றின் அடுக்கு, காய்கறிக் கணக்கில் சேராது. மாவு தோய்த்துப் பொரித்த பாகற்காய் பாதி உச்சிக்கு ஏறிவிடுகிறது.

கீழ்ப் பாதியிலோ குவித்த மூன்று அகப்பை. சமமாக எடுத்த இரண்டு அகப்பை சோறு சுமார் ஒரு கப், 200 கலோரியை ஒட்டி வரும். குவித்த மூன்று இரண்டு கப்பை நெருங்கும். ஒரு கப்பை ஒரு பரிமாறல் என்று வைத்தால், ரசத்துக்கும் மோருக்கும் மறுசோறு வாங்கியவர் ஒரே வேளையில் மூன்றைத் தொட்டுவிடுவார். காலை இட்லிக்கும் இரவுச் சப்பாத்திக்கும் மிச்சம் சொற்பம்தான்.

சரிசெய்வது எளிது. பெரும்பாலான வாழையிலைக் கடைகளில் காய்கறிக்கும் மறுபடி கேட்கலாம், சோற்றுக்குப் போலவே. முதல் சுற்றிலேயே "பொரியல் கூட வைங்கண்ணே, சோறு ஒரு அகப்பை போதும்" என்று சொல்லிவிடவேண்டும். சோறு விழுந்தபின் சொன்னால் இலையில் இடமிருக்காது. கீழ்ப் பாதியின் வலப்புறம் சோறு, இடப்புறம் மீனோ கெட்டிப் பருப்போ. சாம்பாரைப் பருப்புக் கணக்கில் சேர்க்கவேண்டாம், ஒரு கரண்டியில் வருவது பெரும்பாலும் தண்ணீரும் புளியும்தான். அப்பளமும் ஊறுகாயும் உப்புக் கணக்கு: நாள் முழுவதற்கும் 5 கிராம், ஒரு தேக்கரண்டிதான், சமையலில் போட்டதும் அதற்குள் அடக்கம்.

பினாங்கு நாசி கண்டாரில் (சோற்றின்மேல் பல குழம்பு ஊற்றித் தரும் உணவு) இந்த வழிகாட்டி இன்னும் அதிகமாகத் திணறுகிறது. அங்கே நடு நரம்பு இல்லை, தட்டின் விளிம்பும் தெரியாது. நாலைந்து குழம்பு கலந்து 'பஞ்சிர்' (வெள்ளம்போல) ஊற்றியதும் எது கால், எது அரை என்று கண்ணால் பிரிக்கவே முடியாது. குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் முழுக்கச் சோற்றில் இறங்கிவிடும். குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள்; தொட்டுச் சாப்பிடுபவருக்குப் பாதி மிஞ்சும். இரண்டு வெண்டைக்காய் அரைக் கப்பைத் தொடாது, ஐந்தாறு வேண்டும். முட்டைக்கோசும் சேர்த்துக்கொண்டால் தட்டில் காய்கறிக்கும் ஓர் இடம் கிடைக்கும். பொரித்த கோழி, மீன் முட்டை, கணவாய் மூன்றையும் ஒரே தட்டில் வாங்குவதுதான் பலரும் செய்யும் பிழை. கூம்பகம் நாளைக்கு மீனுக்கு ஒரு பரிமாறல்தான் தருகிறது. நடுத்தர அளவுள்ள ஒரு கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) அதை நிரப்பிவிடும். விலையும் மலிவு.

படத்தில் குறை என்று சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, 'பரிமாறல்' என்ற அலகு. காய்க்கு அரைக் கப், கொய்யாவுக்குப் பாதிப் பழம், பப்பாளிக்கு ஒரு துண்டு என்று பொருளுக்குப் பொருள் மாறுகிறது. அளவுப் பட்டியலைப் பக்கத்தில் வைக்காமல் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு 3, 2, 5 என்ற எண்களால் பயனில்லை. ஒரு வாரம் கப்பால் அளந்து வீட்டுக் கரண்டியின் கொள்ளளவைத் தெரிந்துகொண்டால் பிறகு கண்ணே போதும்.

மற்றது சைவர்களுக்கானது. மீனும் கோழியும் ஒதுக்கியவர் மூன்றாம் அடுக்கை எதால் நிரப்புவது என்பதைப் படம் விளக்கவில்லை. புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் அந்த இடத்தை இன்னொரு அகப்பை சோறும் அப்பளமும் பிடித்துக்கொள்கின்றன. கடலைச் சுண்டல், பச்சைப்பயறு, சோயாவில் செய்த தவ்ஃபூ, தெம்பே, முட்டை சேர்ப்பவராக இருந்தால் முட்டை: இவைதான் அங்கே வரவேண்டியவை. கடையில் விற்கும் சைவ இறைச்சியில் புரதம் இருந்தாலும் உப்பு மிகுதி. பொட்டலத்தின் பின்புறம் சோடியத்தைப் பாருங்கள். நாளுக்கு 2000 மில்லிகிராமுக்கு மேல் கூடாது.

பால் 2 பரிமாறல் என்றிருப்பதைப் படித்துவிட்டு, தே தாரிக்கை (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) அந்தக் கணக்கில் எழுதுபவர்கள் உண்டு. கடைத் தேநீரில் விழுவது பெரும்பாலும் இனிப்புக் கிரீமர்: செம்பனை எண்ணெயும் சீனியும் சேர்ந்த கலவை. அது உச்சி அடுக்கு. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். சீனி போடாத மோரும் அப்படித்தான், வாழையிலைக் கடையிலேயே கிடைக்கும். தேநீர் வேண்டுமென்றால் பால் சேராத தே ஓ கோசோங் கேளுங்கள். 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவு) என்றால் எத்தனை கரண்டி என்பது கலக்குபவரின் கைக்கு விட்டது, கோசோங் என்றால் சீனியே இல்லை.