இக் நோபல் விழாவின் யூடியூப் ஒளிபரப்பு: ஒரு மதிப்புரை

முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு 1991 முதல் வழங்கப்படும் இக் நோபல் பரிசு விழாவை யூடியூபில் இலவசமாகக் காணலாம். அறிவியல் செய்திகளை அலுப்பில்லாமல் அறிய விரும்புவோருக்கு இதைவிட நல்ல ஒளிபரப்பை நான் கண்டதில்லை. பேச்சு நீண்டால் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மேடையேறி, "தயவுசெய்து நிறுத்துங்கள், எனக்குச் சலிப்பாக இருக்கிறது" என்று பேச்சாளர் வாய் மூடும்வரை திரும்பத் திரும்பச் சொல்லும் பழைய பதிவுகளை எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. பார்வையாளர்கள் எறியும் காகித விமானங்களைப் பல ஆண்டுகள் துடைப்பம் ஏந்திக் கூட்டியவர், 2005இல் இயற்பியல் நோபல் பெற்ற ராய் கிளாபர் என்பதை அறிந்தபோது நெகிழ்ந்துபோனேன்.

கேலிக்கு அடியில் உண்மையான அறிவியல் இருக்கிறது. காந்தப் புலத்தில் தவளையை மிதக்கவிட்டதற்காக 2000இல் இப்பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆந்த்ரே கெய்ம், ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் படலமான கிராஃபீன் பற்றிய ஆய்வுக்காக 2010இல் நோபல் பரிசையும் பெற்றார். யானையின் உடற்பரப்பைக் கணக்கிடும் வழி கண்ட கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு 2002இல் கணிதப் பரிசு கிடைத்தது. மருந்தளவை முடிவுசெய்ய உதவக்கூடிய அந்தக் கணக்கை வெறும் வேடிக்கை என்று ஒதுக்க முடியாது.

குறை என்றால், நகைச்சுவை அனைத்தும் வேகமான ஆங்கிலத்தில் ஓடுவதுதான். ஆகவே நேரலையைவிட, நிறுத்தி நிறுத்திப் பார்க்க வசதியான பதிவையே பரிந்துரைக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளை அருகில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.